வேகம் எங்கே தொலைகிறது?
பல கட்டடங்கள், பல வளாகங்கள் கொண்ட கல்வி நிறுவனங்களில் கணினி வலையமைப்பை மேம்படுத்துவது எப்படி?

பள்ளிக்கு அதிவேக இணைய இணைப்பு வந்துவிட்டது. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினிகள் வரிசையாக இருக்கின்றன. இணையவழி மதிப்பீடு தொடங்குகிறது. ஐந்தாவது நிமிடத்தில் பாதித் திரைகளில் வட்டம் சுற்றத் தொடங்குகிறது. முன்வரிசை மாணவர்கள் பத்தாவது வினாவில் இருக்க, கடைசி வரிசை மாணவர்கள் இரண்டாவது வினாவிலேயே நிற்கிறார்கள். “நெட் ஸ்லோ சார்” என்கிறார்கள். நாமும் அதையே சொல்லிவிட்டு அடுத்த பாடவேளைக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் அந்தக் கடைசி வரிசை மாணவர்களின் மதிப்பெண் பதிவாகிவிடுகிறது. அவர்களுக்குப் பாடம் தெரியவில்லை என்றே அந்த எண் சொல்லும். திரை நின்றுபோனதை அது சொல்லாது. கற்றலும் மதிப்பீடும் கணினி வழியாக நடக்கத் தொடங்கிய பிறகு, வலையமைப்பின் தரம் என்பது தொழில்நுட்பப் பணியாளர் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தியாக இல்லை. வகுப்பறையில் எல்லா மாணவருக்கும் சமவாய்ப்பு கிடைக்கிறதா என்ற கேள்வி அது.

இந்தக் கட்டுரை பொறியாளர்களுக்கானது அன்று. ‘வலையமைப்பை மேம்படுத்துகிறோம்’ என்று ஒரு திட்டம் பள்ளிக்கோ கல்லூரிக்கோ வரும்போது, அங்கே பணியாற்றும் ஆசிரியர் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கானது. நம் பள்ளிகள் பலவும் சாலைக்கு இந்தப் பக்கம் பழைய கட்டடம், அந்தப் பக்கம் புதிய கட்டடம், சற்றுத் தள்ளி ஆய்வகம் என்று பிரிந்தே கிடக்கின்றன. ஆகவே பல வளாகங்கள் கொண்ட ஒரு கல்லூரிக்கு உள்ள சிக்கல் அளவில் சிறிதாக நமக்கும் உண்டு.

சந்தையும் வாயிலும்

எங்கள் ஒட்டன்சத்திரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இங்குள்ள காய்கறிச் சந்தையிலிருந்து தக்காளியும் முருங்கையும் மிளகாயும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. திண்டுக்கல் – பழனி நெடுஞ்சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும், சந்தையின் வாயிலில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நுழைய முடியும் என்றால், நெடுஞ்சாலையின் அகலத்தால் பயன் இல்லை. வண்டிகள் வாயிலில் வரிசையில்தான் நிற்கும்.

வலையமைப்பும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு நெடுஞ்சாலை. பள்ளிக்குள் ஓடும் கேபிள்கள் உள்சாலைகள். அவற்றைப் பிரித்துவிடும் சுவிட்ச் என்னும் பெட்டி சந்திப்பு. ஒரு தகவல் மாணவரின் கணினிக்கு வந்து சேரும் வழியில் எந்த இடம் மிகக் குறுகலோ, அந்த இடத்தின் வேகம்தான் முழுப் பாதையின் வேகம். வெளி இணைப்புக்கு மேலும் மேலும் பணம் கட்டி, உள்ளே இருக்கும் குறுகலைக் கவனிக்காமல் விடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

முதலில் ஒரு கணக்கு

இணைய வேகம் ‘நொடிக்கு இத்தனை மெகாபிட்’ என்று சொல்லப்படுகிறது. நாம் கோப்பின் அளவைச் சொல்வதோ மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான்.

ஒரு பாடக் காணொலி 50 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் பதிவிறக்கினால் 4 நொடி போதும். ஆய்வகத்தில் 20 பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பதிவிறக்கினால் மொத்தம் 1,000 மெகாபைட். 80 நொடி ஆகும். அதே காணொலியை ஆசிரியர் ஒருமுறை பதிவிறக்கி, ஆய்வகத்தின் ஒரு கணினியில் பகிர்வுக் கோப்புறையாக வைத்துவிட்டால், வெளி இணைப்புக்கு 4 நொடி வேலைதான். மீதி எல்லாம் உள்சாலையில் நடந்துவிடும்.

நேரடியாகப் பார்க்கும் காணொலிக்கும் இப்படியே கணக்கிடலாம். நடுத்தரத் தெளிவுள்ள காணொலிக்கு நொடிக்கு ஏறத்தாழ 3 மெகாபிட் வேண்டும். 40 பேர் தனித்தனியாகப் பார்த்தால் 120 மெகாபிட். 100 மெகாபிட் இணைப்பு தாங்காது. ஆனால் திறன்மிகு வகுப்பறையின் திரையில் 40 பேரும் சேர்ந்து ஒரே காணொலியைப் பார்த்தால் 3 மெகாபிட் போதும்.

எழுத்தும் சில படங்களும் கொண்ட வினாத்தாளுக்கு இந்த அளவு வேகமே தேவையில்லை. அப்படியானால் மதிப்பீட்டின்போது ஏன் நிற்கிறது? பெரும்பாலும் காரணம் வேறு. கணினிகள் பின்னணியில் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டிருக்கும்; அல்லது உள்ளே எங்கோ ஒரு குறுகல் இருக்கும்; அல்லது வினாக்களை அனுப்பும் சர்வர் பக்கமே நெரிசல் இருக்கும். எது என்று கண்டுபிடிக்க அளவெடுக்க வேண்டும்.

மூன்று இடத்தில் அளவெடுங்கள்

இதற்குச் செலவு இல்லை. அரைமணி நேரம் போதும். வேகம் அளக்கும் இணையதளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

முதல் அளவு: இணைய நிறுவனம் வைத்துள்ள மோடத்தில் ஒரு மடிக்கணினியைக் கேபிளால் நேரடியாக இணைத்து, மற்ற இணைப்புகளைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். இரண்டாவது அளவு: ஆய்வகத்தின் சுவிட்சில் இணைத்து அளக்க வேண்டும். மூன்றாவது அளவு: மிகத் தொலைவில் உள்ள கணினியில் அளக்க வேண்டும். மூன்றையும் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளில் குறித்துவைத்தால் ஒன்பது எண்கள் கிடைக்கும்.

முதல் அளவே குறைவு என்றால் சிக்கல் வெளியில். அந்த எண்களோடு இணைய நிறுவனத்திடம் புகார் செய்யலாம். முதல் அளவு 95, மூன்றாவது அளவு 20 என்றால் சிக்கல் நம் சுவருக்குள் இருக்கிறது. வெளி இணைப்பை இரு மடங்காக்கினாலும் கடைசிக் கணினியில் 20தான் வரும். எல்லா அளவும் நன்றாக இருந்தும் மதிப்பீடு நிற்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பள்ளியில் இல்லை. அதையும் சான்றோடு எழுதி அனுப்பலாம். ‘நெட் ஸ்லோ’ என்ற முறையீட்டுக்கும் ஒன்பது எண்கள் கொண்ட கடிதத்துக்கும் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.

கட்டடத்துக்குள்: கேபிளும் சுவிட்சும்

இன்று நாம் பயன்படுத்தும் ஈதர்நெட் தொழில்நுட்பம் 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் உருவானது. அதன் வேகம் இன்று பல மடங்காகிவிட்டது. ஆனால் செப்புக் கேபிளுக்கு ஒரு எல்லை உண்டு: சுவிட்சிலிருந்து கணினி வரை 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வளைவு, மாடி ஏற்றம், சுவரோரச் சுற்று எல்லாம் சேர்த்துத்தான் இந்த 100 மீட்டர். கண்ணுக்கு 60 மீட்டராகத் தெரிவது கேபிள் இழுக்கும்போது 100ஐத் தாண்டிவிடும்.

கேபிளுக்குள் நான்கு இணைக் கம்பிகள் இருக்கும். நொடிக்கு 1,000 மெகாபிட், அதாவது 1 கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் நன்றாக இருக்க வேண்டும். முனையில் ஒரு கம்பி சரியாகப் பொருந்தாவிட்டாலும் பல நேரங்களில் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். எல்லாம் வேலை செய்வதுபோலவே தெரியும். மேம்படுத்தும் பணி முடிந்ததும் ஒவ்வொரு கணினியிலும் இணைப்பு வேகம் 1 கிகாபிட் என்று காட்டுகிறதா எனப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

‘கேட் 5இ’, ‘கேட் 6’ என்பவை கேபிளின் தரவகைகள். இரண்டுமே 100 மீட்டர் வரை 1 கிகாபிட்டைத் தாங்கும். கேட் 6 குறைந்த தூரத்துக்கு 10 கிகாபிட் வரை தாங்கும். புதிதாகப் போடுவதென்றால் கேட் 6 போடுவதே நல்லது. கவனிக்க வேண்டியது வேறொன்று: அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு கேபிள்கள் சந்தையில் உண்டு. முழுச் செம்புக் கேபிள் என்று கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். துண்டு ஒன்றை வெட்டிக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா என்று அறிவியல் ஆசிரியரே பார்த்துச் சொல்லிவிடுவார்.

அடுத்தது சுவிட்ச். நான் பார்த்த ஒரு பள்ளியில் ஆய்வகத்தின் 40 கணினிகளும் நல்ல சுவிட்சுகளில்தான் இணைக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்தச் சுவிட்சுகளுக்கும் மோடத்துக்கும் நடுவில், பீரோவின் மேல், பழைய 8 துளைச் சுவிட்ச் ஒன்று இருந்தது. அதன் ஒரு துளைக்கு 100 மெகாபிட்தான். 40 கணினிகளும் ஒரே நேரத்தில் கேட்டால் ஆளுக்கு 2.5 மெகாபிட். மோடம் வரை எத்தனை மெகாபிட் வந்தாலும் அந்தச் சிறு பெட்டியைத் தாண்டி 100க்கு மேல் போகாது. ஒரு சுவிட்சிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலிபோல் கோத்துக்கொண்டே போகும் வழக்கமும் இப்படித்தான் குறுகல்களை உண்டாக்குகிறது. நடுவில் ஒரு முதன்மைச் சுவிட்ச், அதிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் நேரடியாக ஓர் இணைப்பு என்று மரத்தின் கிளைபோல் அமைப்பதே முறை.

கட்டடத்துக்குக் கட்டடம்: ஒளியிழை

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செப்புக் கேபிள் இழுக்காமல் இருப்பது நல்லது. தூரம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இடி, மின்னல். சித்திரை, வைகாசியில் கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் மின்னலோடுதான் வருகின்றன. இரண்டு கட்டடங்களின் நில இணைப்பும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. அருகில் மின்னல் விழும்போது அந்த வேறுபாடு மிகப் பெரிதாகி, கட்டடங்களை இணைக்கும் செப்புக் கம்பி வழியே பாய்ந்து இரு பக்கமும் சுவிட்சுகளையும் கணினிகளையும் எரித்துவிடும்.

ஒளியிழை கண்ணாடியால் ஆனது. மின்சாரத்தைக் கடத்தாது. ஒளியியல் பாடத்தில் நாம் நடத்தும் முழு அக எதிரொளிப்புதான் அதன் அடிப்படை. மிகத் தூய கண்ணாடி இழை வழியே தகவலை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று 1966இல் எடுத்துக்காட்டிய சார்லஸ் காவோவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒற்றைப் பாங்கு இழையில் ஒளி செல்லும் உள்ளகத்தின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. பல கிலோமீட்டர் தூரத்துக்கும் 1 கிகாபிட், 10 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். நாளைக்கு வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் இரு முனைகளில் உள்ள கருவிகளை மாற்றினால் போதும். மண்ணுக்குள் இருக்கும் இழையைத் தோண்ட வேண்டியதில்லை.

இரண்டு இழை தேவைப்படும் இடத்தில் 6 அல்லது 12 இழை கொண்ட கேபிளைப் போடுவது வழக்கம். பள்ளம் தோண்டும் செலவுதான் பெரிது. இழையின் செலவு சிறிது. வெளியே உலோகக் கவசம் உள்ள ஒளியிழைக் கேபிள்களும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தினால் அந்தக் கவசத்தை முறையாக நில இணைப்புச் செய்ய வேண்டும். இல்லையெனில் செம்பைத் தவிர்த்ததன் பயனே போய்விடும்.

வளாகத்துக்கு வளாகம்: மூன்று வழிகள்

இப்போது பெரிய நிறுவனத்தைப் பார்ப்போம். 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் நான்கு நிறுவனங்களை ஒன்றிணைத்து உருவானது. கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி ஆகிய மூன்றும் கிண்டியில் அருகருகே உள்ளன. நான்காவதான மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம் குரோம்பேட்டையில் இருக்கிறது. அதற்கு அப்பால் மாவட்டங்களில் உறுப்புக் கல்லூரிகள். எங்கள் பகுதியில் ரெட்டியார்சத்திரத்தில்கூட ஒன்று உண்டு. இப்படிப்பட்ட அமைப்பைத் திட்டமிடும்போது மூன்று விதமான தூரங்கள் வருகின்றன: ஒரே வளாகம், ஒரே நகரத்தின் வேறு பகுதி, வேறு மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

முதல் வழி, சொந்த ஒளியிழை. ஒரே சுற்றுச்சுவருக்குள் இதைவிடச் சிறந்தது இல்லை. இடையில் பொதுச்சாலை வந்தால், அந்தச் சாலை யாருடையதோ அந்த உள்ளாட்சி அமைப்பிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ அனுமதி பெற வேண்டும்.

இரண்டாவது வழி, இரு கட்டடங்களின் மொட்டைமாடியிலும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி கம்பியில்லா இணைப்புக் கருவிகளைப் பொருத்துவது. ஒரு மாடியிலிருந்து மற்றொரு மாடி தடையின்றிக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாலையைத் தோண்ட அனுமதி கிடைக்காத இடத்தில் இது நல்ல வழி. ஆனால் நடுவில் வேப்பமரம் வளர்ந்தால் இணைப்பு தளரும். மின்னல் பாதுகாப்பும் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது வழி, ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனி இணைய இணைப்பு வாங்கி, அவற்றுக்கிடையே பொது இணையத்தின் வழியாகவே மறைகுறியாக்கிய தனிப்பாதை அமைப்பது. இதை விபிஎன் என்பார்கள். தொலைவு எதுவானாலும் சரிவரும். வேகம் இரு வளாகங்களின் இணைப்பில் எது குறைவோ அதைப் பொறுத்தது.

சாலைக்கு இருபுறமும் பிரிந்துள்ள ஒரு பள்ளிக்கு இம்மூன்றில் எது என்று முடிவுசெய்ய ஒரு கேள்வி உதவும்: இரு கட்டடங்களும் தமக்குள் அடிக்கடி பெரிய கோப்புகளைப் பரிமாறுகின்றனவா? ஆம் என்றால் முதல் இரண்டில் ஒன்று. இல்லை, இரண்டுக்கும் இணையம் மட்டுமே வேண்டும் என்றால், ஆளுக்கோர் இணைப்பே போதும். தேவையில்லாத இணைப்புக்குச் செலவிடும் பணம் வேறொரு வகுப்பறைக்குப் போக வேண்டிய பணம்.

நிறுவனங்களை இணைக்கும் இந்த முயற்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1986இல் தொடங்கிய ‘எர்நெட்’ திட்டம் சென்னை ஐஐடி உள்ளிட்ட நாட்டின் முன்னணிக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை இணைத்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவை இந்தியாவில் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15இல்தான். அதாவது, வணிக இணையம் வருவதற்கு முன்பே கல்வி நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தன. 2010இல் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் கிகாபிட் வேகத்தில் இணைத்தது. ‘எடுரோம்’ என்ற உலகளாவிய ஏற்பாட்டில் சேர்ந்த நிறுவனத்தின் மாணவர், அதில் சேர்ந்த வேறெந்த நிறுவனத்துக்குச் சென்றாலும் தம் சொந்தப் பயனர் பெயரிலேயே வைஃபை பெறலாம். கிராமங்களுக்கு வரும்போது, தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணியைப் பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. நெடுஞ்சாலை நம் ஊர்வரை நீண்டுவருகிறது. வாயிலை அகலப்படுத்துவது நம் பொறுப்பு.

வைஃபை: ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்

வைஃபையை வகுப்பறையோடு ஒப்பிடலாம். ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஒருவர் பேசினால்தான் கேட்கும். வைஃபை கருவியும் தன்னோடு இணைந்த கைக்கணினிகளுடன் மாறி மாறித்தான் பேசுகிறது. 40 கைக்கணினிகள் என்றால் காற்றுவெளியை 40 பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தொலைவில் இருந்து மெதுவாகப் பேசும் ஒரு கருவி மற்ற எல்லாருடைய நேரத்தையும் தின்றுவிடும்.

ஆகவே மாடி வராந்தாவில் ஒரே ஒரு பெரிய கருவியை வைப்பதைவிட, தேவையான அறைகளில் சிறு கருவிகளை வைப்பது பயன் தரும். கெட்டியான சுவரும் கான்கிரீட் தளமும் சமிக்ஞையைக் குறைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. அருகருகே உள்ள கருவிகளுக்கு இம்மூன்றையும் மாற்றி மாற்றி ஒதுக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், வேகமும் அதிகம்; ஆனால் சுவரைத் தாண்டுவது குறைவு. இடம் மாறாத கணினிகளுக்கு வைஃபையே வேண்டாம், கேபிளே நல்லது.

முகவரியும் பூட்டும்

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். சாதாரண ரௌட்டர் ஒன்று பொதுவாக 254 முகவரிகள் கொண்ட தெருவைத்தான் உருவாக்குகிறது. ஆய்வகக் கணினிகள், திறன்மிகு வகுப்பறைத் திரைகள், ஆசிரியர்களின் கைக்கணினிகள், எல்லாருடைய கைப்பேசிகள் என்று சேரும்போது தெரு நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் கருவிக்கு இணைப்பு கிடைக்காது. ‘காலையில் வந்தது, மதியம் வரவில்லை’ என்னும் புகாருக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லாரையும் ஒரே தெருவில் குடிவைப்பது பாதுகாப்பும் அன்று. பள்ளி அலுவலகக் கணினியில் எமிஸ் விவரங்கள், ஆதார் எண்கள், பெற்றோரின் கைப்பேசி எண்கள், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரங்கள் உள்ளன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. நம் மாணவர்கள் ஏறத்தாழ எல்லாரும் அதில் அடங்குவர். அவர்களின் விவரங்கள் இருக்கும் கணினியும், விருந்தினர் வந்து இணைத்துக்கொள்ளும் வைஃபையும் ஒரே தெருவில் இருக்கக் கூடாது. நல்ல சுவிட்சுகளில் ஒரே கம்பியின்மேல் அலுவலகம், ஆய்வகம், விருந்தினர் என்று தனித்தனித் தெருக்களை அமைக்கலாம். இதை விலேன் என்பார்கள். இந்த வசதியுள்ள சுவிட்சுக்கு விலை சற்றுக் கூடுதல். ஆனால் மேம்பாட்டுப் பட்டியலில் முதலில் வெட்டக் கூடாத வரி அதுதான்.

ரௌட்டரோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, தலைமையாசிரியரின் பொறுப்பில் வைக்க வேண்டும். யாரேனும் நல்லெண்ணத்தில் வீட்டிலிருந்து ஒரு பழைய ரௌட்டரைக் கொண்டுவந்து செருகினால், அது தன் பங்குக்கு முகவரிகளைக் கொடுக்கத் தொடங்கி மொத்தப் பள்ளியையும் குழப்பிவிடும். ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகினாலும் தகவல்கள் சுழன்று சுழன்று எல்லாம் நின்றுவிடும். வலையமைப்பு திடீரென்று முழுவதும் நின்றால், புதிதாக எதையாவது செருகினோமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மின்சாரம்

கணினிகளுக்கெல்லாம் யுபிஎஸ் இருக்கும். மோடமும் முதன்மைச் சுவிட்சும் சாதாரணத் துளையில் செருகப்பட்டிருக்கும். ஒரு நொடி மின்தடை வந்தாலும் அவை அணைந்து மீண்டும் எழச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் இணையவழித் தேர்விலிருந்து எல்லாரும் வெளியேறியிருப்பார்கள். இவ்விரண்டும் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. சிறிய யுபிஎஸ் ஒன்றை இவற்றுக்கெனவே ஒதுக்கலாம். பெட்டிகளைப் பூட்டிய, காற்றோட்டமுள்ள அலமாரியில், தண்ணீர் ஒழுகாத சுவரில் பொருத்த வேண்டும்.

யார் பார்த்துக்கொள்வது?

கருவி வந்தபின் அதைப் பராமரிப்பது யார் என்ற கேள்வியில்தான் பல திட்டங்கள் தளர்ந்துபோகின்றன. அண்டை மாநிலமான கேரளத்தில் கைட் என்ற அரசு நிறுவனம் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளைத் தொழில்நுட்ப வசதி கொண்டவையாக மாற்றியது. அத்தோடு நிற்காமல் 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் மன்றங்களையும் பள்ளிகளில் தொடங்கியது. கருவிகளைக் கையாள்வதில் பள்ளிக்கு உதவுவதும் அம்மாணவர்களின் பணிகளில் ஒன்று. எங்கள் சந்தையிலிருந்து காய்கறி அங்கே போகிறது. அங்கிருந்து இந்த எண்ணத்தை நாம் வாங்கிக்கொள்ளலாம்.

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வலையமைப்பும் கேபிள் வகைகளும் பாடமாகவே உள்ளன. அந்த மாணவர்கள் பள்ளியின் வலையமைப்பு வரைபடத்தை வரையட்டும். எந்த அறையில் எந்தச் சுவிட்ச், எந்தத் துளையிலிருந்து எந்தக் கேபிள், அது எத்தனை மீட்டர், எந்த ஆண்டு போடப்பட்டது என்று குறிக்கட்டும். கேபிளின் இரு முனைகளிலும் எண் எழுதி ஒட்டட்டும். மின்துளைகளைத் தொடும் வேலையை மட்டும் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும். பணிமாறுதலில் ஆசிரியர் போய்விட்டாலும் வரைபடம் பள்ளியில் இருக்கும்.

திட்டம் வரும்போது கேட்க வேண்டியவை

மேம்பாட்டுப் பணிக்கு நிதி வரும்போது, தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்டாலே பாதிப் பிழைகள் தவிர்க்கப்படும்.

1. இப்போதைய வேகத்தை மூன்று இடங்களில் அளந்தோமா? குறுகல் எங்கே என்று தெரியுமா?
2. ஒரே நேரத்தில் அதிகப்படியாக எத்தனை பேர், எந்த வேலைக்குப் பயன்படுத்துவார்கள்?
3. கட்டடங்களுக்கிடையே ஒளியிழையா, செம்பா?
4. முதன்மைச் சுவிட்சின் எல்லாத் துளைகளும் 1 கிகாபிட்டா? இன்னும் சில ஆண்டுகளில் சேரும் கருவிகளுக்குக் காலித் துளைகள் உண்டா?
5. அலுவலகமும் மாணவர் ஆய்வகமும் தனித்தனிப் பிரிவுகளா?
6. மோடத்துக்கும் சுவிட்சுக்கும் யுபிஎஸ், நில இணைப்பு உண்டா?
7. ஒவ்வொரு இணைப்பையும் சோதித்த அறிக்கை, வரைபடம், கடவுச்சொற்கள் ஆகிய மூன்றும் பள்ளியிடம் ஒப்படைக்கப்படுமா?
8. பழுதானால் யாரை அழைப்பது, எத்தனை நாளில் வருவார்கள்?

பணம் குறைவாக இருந்தால் வரிசை முக்கியம். முதலில் நில இணைப்பும் யுபிஎஸ்ஸும். அடுத்து, கட்டடங்களுக்கிடையே ஒளியிழையும் நல்ல கேபிளும். ஒழுங்காகப் போட்டால் கணினிகள் இரண்டு தலைமுறை மாறினாலும் அவை இருக்கும். பிறகு முதன்மைச் சுவிட்ச். அதன்பின் வைஃபை. வெளி இணைப்பின் வேகத்தைக் கூட்டுவது கடைசி. அதை ஒரு விண்ணப்பத்தில் என்று வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்ய முடியாத பள்ளியும் இரண்டை நாளையே செய்யலாம். இணையவழி மதிப்பீடு உள்ள நாளில் கணினிகளின் தானியங்கிப் புதுப்பிப்பை மாலைக்கு ஒத்திவைக்கலாம். கடைசி வரிசையில் திரை நின்றுபோன மாணவர்களின் பெயரையும் நேரத்தையும் ஒரு பதிவேட்டில் குறித்து, அவர்களுக்கு மறுவாய்ப்பு கேட்டு எழுதலாம். அந்தப் பதிவேடுதான் அடுத்த மேம்பாட்டுத் திட்டத்துக்கு நாம் வைக்கும் முதல் சான்று.